மாமனார் துவைத்த துணி

மாமனார் தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்ததும் மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் குடித்த டம்ளரைக்கூட எடுத்துப் போட்டதில்லை. இப்போது என்னடாவென்றால், விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போகிறார், தாழ்ப்பாள் போடுகிறார், தப்தப்பென்று அடித்துத் துவைக்கிறார், பிழிந்ததைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே யார் கண்ணிலும் படாத சந்தில் காயப்போடுகிறார். அவளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள்.

மாடியில் குடியிருக்கும் ரேடியோ அக்காவிடம்தான் முதலில் சொன்னாள். ரேடியோ என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். போட்டால் அணைக்க முடியாது.

"எங்க மாமனாரை மாதிரி வருமாக்கா? எனக்கு வேலை மிச்சமாகட்டும்னு பார்த்துப் பார்த்துச் செய்யறார்."

"ஆம்பளைங்க சும்மா எல்லாம் திருந்த மாட்டாங்கடி. என்ன விஷயம்னு பாரு" என்றாள் ரேடியோ அக்கா. மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கறை பார்ப்பதுதான் இவளுக்குத் தொழிலே. கடைத்தெருவில் ஒரு டிரை கிளீனிங் கடையில் வேலை. வருகிற துணியை மேஜையில் விரித்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது காபி, இது மை, இது துரு, இது ரத்தம் என்று பிரித்து, அதற்கதற்கு உரிய மருந்தைப் போட வேண்டும். முதலாளி அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். புருஷன்மார்கள் சாஸ் என்று சாதிக்கிற கறை லிப்ஸ்டிக் என்று தெரிந்தும், வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுத்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியவள். அப்பேர்ப்பட்ட பூதக்கண்ணாடி சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டாள். என்னத்தைச் சொல்ல!

அவள் கண்ணில் பட்டதே மழையால்தான். ஒரு மத்தியானம் திடீரென்று வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, மாமனார் தூங்கிக்கொண்டிருக்க, துணி நனைகிறதே என்று சந்துக்குள் ஓடிக் கொடியிலிருந்ததை வாரிக்கொண்டு வந்தாள். வந்தவள் பைஜாமாவை உதறினாள். உதறிய கை அப்படியே நின்றுவிட்டது.

வலது கவட்டிப் பக்கம் உள்ளங்கையளவு ஒரு பழுப்பு வட்டம். அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு விளிம்பு. தொட்டால் கஞ்சி போட்டதுபோல் மொடமொடப்பு. ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அது துணியோடு துணியாக வெந்து உட்கார்ந்துவிடும். விவரம் தெரியாத யாரோ வெந்நீரில் போட்டுத் துவைத்த ரத்தம் இது. சுற்றியிருப்பது சீழ். ஒரு தடவை பட்டதல்ல, பட்டுப் பட்டுத் துவைத்துத் துவைத்துப் படிந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மாமனார் பிளம்பர். வயது ஏறியும் ஏணி ஏறுவதை விடாத மனிதர். வருஷக்கணக்காக ஊதித் தள்ளிய சிகரெட்டில் காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, நாலு எட்டு வைத்தால் ஆடுதசை இறுகிப்போய் நடுரோட்டில் நின்றுவிடுவார். போன வருஷம்தான் ஆபரேஷன் செய்து, அடிவயிற்றுக்குள்ளிருந்து தொடை இடுக்குவரை ஒரு செயற்கைக் குழாயை வைத்துத் தைத்து, ரத்தத்துக்குப் புதுவழி போட்டுக் கொடுத்தார்கள். தெருவே அவரைக் கேலி செய்தது, குழாய்க்காரருக்கே குழாய் மாட்டிட்டாங்களாமே என்று. அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி ஏணி ஏறப் போய்விட்டார்.

பைஜாமாவை எடுத்துக்கொண்டுபோய் அவர் கட்டிலோரம் நின்றாள். அவர் கண் விழித்ததும் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"அது... தொட்டியோரம் காயப்போட்டதில துரு பட்டிருக்கும்மா."

"மாமா, துருவுக்கும் ரத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மென்று விழுங்கி, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. பழைய தழும்பின் மேல் சின்னதாக ஒரு கொப்புளம் வந்ததாம். உடைந்ததாம். மூடுவதும் கசிவதுமாக இருந்ததாம். நாலைந்து நாள் முன்னால் குளிக்கும்போது ரத்தம் கொஞ்சம் பீய்ச்சியதாம், துண்டை வைத்து அழுத்தியதும் நின்றுவிட்டதாம்.

"பீய்ச்சிச்சா? பீய்ச்சிச்சுன்னு சாவகாசமா சொல்றீங்களே மாமா! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அதான் நின்னுடுச்சே. இரும்புக் குழாயில ஊசி ஓட்டை விழுந்தா, கொஞ்சம் கசியும், அப்புறம் துரு பிடிச்சுத் தானா அடைச்சுக்கும். நான் பார்க்காததா?"

"இது இரும்பா மாமா? கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மாட்டேன்." திரும்பிய முகத்தில் கோபமில்லை. பச்சைக் குழந்தையின் பயம் இருந்தது. "போன தடவை எனக்குப் பக்கத்துப் படுக்கையில ஒரு வாத்தியார் இருந்தாரே, ஞாபகமிருக்கா? அவருக்கும் இதேதான். சும்மா கசியுதுன்னு வந்தார். காலை எடுத்துட்டாங்கம்மா. தொடையோட எடுத்துட்டாங்க. கால் இல்லாம நான் என்ன பண்ணுவேன்? மூலையில உட்கார்ந்து உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருக்கவா?"

"அதுக்காக இதை மறைப்பாங்களா?"

"எங்க இருக்குன்னு பார்த்தியா? மருமககிட்ட வந்து சொல்ற இடமா அது?" என்றார். சொல்லிவிட்டுப் போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள், ஆனால் அவர் சட்டையில்லாமல் கூடத்துக்கு வந்தது கிடையாது, அவள் அவர் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்தது கிடையாது. அவள் புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், எங்கேயோ தூரத்துச் சாலையில் இருந்தான். வெள்ளிக்கிழமை வந்துவிடுவான். "அவன் வரட்டும், அவன்கூடப் போறேன், நீ இப்ப யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார் மாமனார். இடையில் இரண்டே நாள்தானே என்று அவளும் தலையாட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் புருஷன் போன் செய்தபோது, "மாமாவுக்கு லேசா உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னாள். எந்த இடத்தில் என்று புருஷனிடம் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பாழாய்ப்போன கூச்சம்!

மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பித் தலையை வாரிக்கொண்டிருந்தாள். குளியலறையில் வாளி உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு மாமனாரின் குரல். வழக்கமான குரலே அல்ல, கீச்சென்று, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல.

"அவனைக் கூப்பிடு! அவனைக் கூப்பிடும்மா!"

"யாரை மாமா? என்ன ஆச்சு?" கதவை இடித்தாள். உள்ளே தாழ்ப்பாள்.

"நீ வராத! உள்ள வராத!"

எங்கேயோ நூறு ஊர் தள்ளி லாரி ஓட்டிக்கொண்டிருக்கிற மகனைக் கூப்பிடுகிறார் மனிதர், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளை வராதே என்கிறார். கதவடியில் வழிந்து வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் கேள்வி கேட்கவில்லை. தோளைக் கொடுத்து மோதினாள். மறுபடி மோதினாள். தாழ்ப்பாள் பெயர்ந்து தெறித்தது.

அவர் தரையில் சுவரோரம் சரிந்து கிடந்தார். ஒரு கை தொடை இடுக்கை அழுத்திக்கொண்டிருந்தது, விரல்களுக்கு நடுவே ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. இன்னொரு கையால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? எட்டாத பைஜாமாவை இழுத்து மேலே போட்டு மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க மாமா!"

"வேண்டாம்மா... போயிடும்மா..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!" வாழ்க்கையில் முதல் தடவையாக மாமனாரை அதட்டினாள். துண்டைச் சுருட்டி அவர் கைக்குக் கீழே திணித்து, முஷ்டியை மடக்கி, மொத்த உடம்பையும் அந்த ஒரு கையின் மேல் இறக்கினாள். சூடாக இருந்தது. முஷ்டிக்குக் கீழே தடக் தடக்கென்று ஏதோ துள்ளிற்று. பீறிடுவது நின்றது. கொஞ்சம் அசைந்தாலும் மறுபடி கொப்பளித்தது. ஆகவே அசையாமல், இருந்த இடத்திலிருந்தே, தொண்டை கிழிய ரேடியோ அக்காவைக் கூப்பிட்டாள்.

ரேடியோ அக்காவின் வாய் ஒரு பிரயோஜனத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். அவள் போட்ட கூச்சலில் தெரு முழுக்கக் கூடிவிட்டது, ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. சீருடை போட்ட பையன்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். ஒருவன் அவளை நகரச் சொல்லித் தன் கையை வைக்கப் பார்த்தான். மாற்றிய அந்த ஒரு கணத்தில் ரத்தம் அவன் மார்பில் தெறித்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நீங்களே பிடிங்க. சரியான இடத்துல பிடிச்சிருக்கீங்க. டாக்டர் சொல்றவரைக்கும் எடுத்துடாதீங்க. எடுத்தீங்கன்னா..." அவன் முடிக்கவில்லை. அவள் முடிக்கச் சொல்லவுமில்லை.

இப்படித்தான் ஸ்ட்ரெச்சரோடு ஸ்ட்ரெச்சராகக் குனிந்துகொண்டே தெருவைக் கடந்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அவள் நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தாள், அதுவும் இன்னொருத்தர் உயிரை. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு மேடு பள்ளத்தில் குலுங்கும்போதும் கை வழுக்கிவிடுமோ என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தோள்பட்டை மரத்துப்போயிற்று. விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. முஷ்டிக்குக் கீழே துள்ளுவது கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாகிக்கொண்டே வந்தது மட்டும் தெரிந்தது.

மாமனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். வலியில் மூடினாரா வெட்கத்தில் மூடினாரா, யார் கண்டது. உதடு வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"மாமா, பேசுங்க மாமா. எதையாவது பேசுங்க."

"குளிருதும்மா" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் உறை மாட்டிய கையை அவள் கைக்கடியில் நைசாகச் செருகி, "இப்ப மெதுவா உருவுங்க, மெதுவா" என்றபோதும் அவள் கை வரவில்லை. முஷ்டி மடங்கியது மடங்கியபடியே விறைத்துவிட்டது. ஒரு நர்ஸ்தான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எடுத்தாள். எடுத்த பிறகும் அவள் அந்தக் கையை முன்னால் நீட்டியபடியே நின்றாள்.

அதற்குள் சர்ஜன் வந்தாள். குள்ளமான, கரகரத்த குரலுள்ள அம்மாள். காயத்தை ஒரு பார்வை, மாமனாரின் பாதத்தைத் தொட்டு ஒரு பார்வை, அவ்வளவுதான். மருமகளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க மகளா?"

"மருமக, டாக்டர்."

"இதுக்கு முன்னாடி ரத்தம் வந்ததா?"

"நாலைஞ்சு நாளைக்கு முன்னாடி. அழுத்தினதும் நின்னுடுச்சாம். எனக்கே நேத்துதான் தெரியும்."

சர்ஜன் அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பவே வந்திருக்கணும். அது முன்னறிவிப்பு. சரி, இப்ப திட்டி என்ன ஆகப்போகுது? கேளுங்க. அவருக்கு வெச்ச செயற்கைக் குழாயில கிருமி பிடிச்சிருக்கு. அது நம்ம சதை இல்ல, அதனால மருந்து அதுக்குள்ள இறங்காது. கிருமி அதுமேல பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு வளரும். குழாயைத் தைச்ச இடம் இத்துப்போய்ப் பிய்ஞ்சிருக்கு. மேல வயித்துப் பக்கம் திறந்து ரத்தத்தை நிறுத்தி, அந்தக் குழாயை எடுத்தே ஆகணும்."

"எடுத்துட்டா காலுக்கு ரத்தம், டாக்டர்?"

"அதான் சிக்கல். அவரோட இன்னொரு கால்ல நல்லதா ஒரு ரத்தக்குழாய் இருந்தா அதை எடுத்து இங்க வெச்சுத் தைப்பேன். சொந்தக் குழாய்ங்கிறதால கிருமியைத் தாங்கும். அழுகின சதையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டு, தொடைச் சதையை ஒண்ணு திருப்பி அதுமேல மூடி போடுவேன். அது பிடிச்சுக்கிட்டா கால் தப்பும். ஆனா ரத்தம் நிறையப் போயிருக்கு. உயிரா காலான்னு உள்ள ஒரு கட்டம் வரலாம். அப்ப நான் வெளிய வந்து உங்களைக் கேட்டுக்கிட்டிருக்க முடியாது. இப்பவே சொல்லிடணும்."

புருஷனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் கொஞ்சம்கூடப் பதற்றமில்லாமல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல், அதே நிதானம். போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

தள்ளுவண்டியைத் திருப்பினார்கள். அவளைக் கடக்கும்போது மாமனாரின் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சில்லென்ற கை. கண்ணைத் திறந்திருந்தார்.

"காலை எடுக்கக்கூடாதுன்னு சொல்லு."

"மாமா..."

"அந்த வாத்தியார் மாதிரி ஆக்கிடாதீங்கம்மா. கால் போறதா இருந்தா நான் அப்படியே போயிடறேன். சொல்றியா?"

"சொல்றேன் மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா மாமா."

அவர் கையை விட்டார். அவள் சொன்னதை முழுசாக நம்பிவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. கதவு மூடிக்கொண்டது. அவள் சர்ஜன் அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"உயிர் வேணும் டாக்டர். கால் எப்படி வேணா ஆகட்டும். எடுக்க வேண்டி வந்தா எடுத்துடுங்க."

நர்ஸ் நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டாள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு பெஞ்சு. சாவு வீட்டில்கூட யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், இங்கே அதுவுமில்லை. ரேடியோ அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளே வாயடைத்துப்போயிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகளின் புத்தி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் செத்துப்போனால், நேற்றே கூட்டிக்கொண்டு வராத பாவம் அவளுடையது. கால் போய்ப் பிழைத்தால், பொய்ச் சத்தியம் செய்த பாவமும் அவளுடையது. கண்ணை விழித்து, போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் அவளை ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வைக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது?

நடுவில் கதவு திறந்து, ஒரு ஆள் மூடிபோட்ட தொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். தொட்டி கனமாக இருந்தது, சக்கரம் முனகியது. அவள் ரேடியோ அக்காவின் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, அதில என்ன?"

"அழுக்குத் துணியா இருக்கும்டி."

"கேளுங்கக்கா."

"நீ கேளு."

இரண்டு பேருமே கேட்கவில்லை. தொட்டி தாழ்வாரத்தின் மூலையில் திரும்பி மறைந்தது. அவள் எழுந்து போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

ரேடியோ அக்கா விடாமல் போட்ட போன் ஒருவழியாகக் கிடைத்து, பொழுது சாய்கிற நேரத்தில் புருஷன் வந்துசேர்ந்தான். லாரியை எங்கேயோ ஒரு பெட்ரோல் பங்கில் போட்டுவிட்டு, கிடைத்த வண்டியிலெல்லாம் தொற்றி வந்திருந்தான். அவனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். சத்தியம் செய்ததையும் சொன்னாள், கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். அவன் பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு.

கடைசியில் சர்ஜன் அம்மாள் வந்தாள். தொப்பியைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்துகொண்டாள், அவள் காலும்தான் கெஞ்சியிருக்க வேண்டும்.

"உயிரோட இருக்கார். காலும் இப்போதைக்கு இருக்கு."

"இப்போதைக்குன்னா என்ன டாக்டர்?" புருஷனின் குரல் உடைந்தது.

"இப்போதைக்குன்னா இப்போதைக்குத்தான். பழைய குழாயை மொத்தமா எடுத்தாச்சு. இன்னொரு கால்லேருந்து நல்ல ரத்தக்குழாயை எடுத்து இங்க வெச்சுத் தைச்சிருக்கேன். அது அடைச்சுக்கக் கூடாது. கிருமி அதையும் அரிச்சுடக் கூடாது. வாரக்கணக்கில மருந்து ஏத்தணும், காயத்தைத் திறந்தே வெச்சுக் கட்டுக் கட்டணும். பாதம் சூடா இருக்கிறவரைக்கும் நான் நிம்மதியா இருப்பேன். ஜில்லுன்னு ஆச்சுன்னா மறுபடி உள்ள கொண்டுபோவேன்." பிறகு மருமகளைப் பார்த்து, "நீங்க அழுத்திப் பிடிச்சிருக்காட்டி எனக்கு வேலையே இருந்திருக்காதும்மா" என்றாள். அவளுக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. இப்போதைக்கு என்ற வார்த்தை மட்டும் காதில் குத்திக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு நினைவு திரும்பியது. மகனையும் மருமகளையும் உள்ளே விட்டார்கள். மேலெல்லாம் ஒயர், தலைமாட்டில் ஒரு மெஷின் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே போர்வையை ஒரு வளைவுக் கம்பிமேல் கூடாரம் மாதிரி தூக்கிப் போட்டிருந்தார்கள், காலில் எதுவும் படக்கூடாதென்று. ஆகவே உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று படுத்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

"கால்?" அதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை.

"இருக்குப்பா" என்றான் மகன்.

அவர் அவனை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்தார். "நீ சொன்னியா அவங்ககிட்ட? எடுக்கக்கூடாதுன்னு?"

சொன்னேன் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்தக் காகிதத்தை அவர் எந்தக் காலத்தில் பார்க்கப்போகிறார்? புருஷன்கூட, சொல்லிவிடு என்பதுபோல் கண்ணைக் காட்டினான். ஆனால் அவர் இத்தனை நாள் மறைத்ததும், அவள் இரண்டு நாள் மறைக்க ஒத்துக்கொண்டதும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டாளே. இன்னொன்றை மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"இல்ல மாமா. உயிர்தான் வேணும், எடுக்க வேண்டி வந்தா காலை எடுத்துடுங்கன்னு சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

அவர் முகம் இருண்டது. டிக் டிக்கென்று போய்க்கொண்டிருந்த மெஷின் வேகம் பிடித்தது.

"அப்ப எடுத்துட்டீங்க."

"இல்லப்பா, கால் இருக்கு, நிஜமா..."

"பொய்! ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுப் பேசறீங்க. எனக்கு அங்க ஒண்ணுமே தெரியலடா. பாதமே இல்லாத மாதிரி இருக்கு." எழுந்திருக்கத் தலையைத் தூக்கினார், விழுந்தார், மறுபடி தூக்கினார். நர்ஸ் ஓடிவந்து தோளை அழுத்தினாள்.

"ஆடாதீங்க ஐயா! தையல் பிரிஞ்சுடும்!"

"போர்வையைத் தூக்கு!"

"ஐயா, உள்ள துணி ஒண்ணும் போடலை. கட்டு மட்டும்தான் இருக்கு. மருமக நிக்கிறாங்க பாருங்க. அவங்க வெளிய போகட்டும், நான் காட்டறேன்."

மருமகள் வெளியே போகத் திரும்பினாள்.

"எங்க போற? நில்லு!" கரகரத்துக்கொண்டு வந்தது குரல். "நின்னா நிக்கட்டும். அவ கையில கிடந்துதான் நான் இங்க வந்து சேர்ந்தேன். இன்னும் என்னத்தை மறைக்கிறது? தூக்கு!"

நர்ஸ் போர்வையை மடித்துப் புரட்டினாள். மருமகள் அவர் பிடரிக்கடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தாங்கித் தூக்கிப் பிடித்தாள். அவர் பார்த்தார். இரண்டு தொடையிலும் கட்டு, கட்டிலிருந்து வெளியே வரும் குழாய்கள், மருந்து பூசிய மஞ்சள். அதையெல்லாம் தாண்டி, கட்டிலின் கோடியில், இரண்டு பாதங்கள். வலது பாதம் வீங்கியிருந்தது, ஆனால் இருந்தது.

அவர் நம்பவில்லை. "அது என்னுதா?"

நர்ஸ் அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். "சூடாத்தான் இருக்கு. விரலை ஆட்டுங்க பார்ப்போம்."

ஒன்றும் ஆடவில்லை. அவர் பல்லைக் கடித்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தாங்கியிருந்த பிடரி கல்லாக இறுகியது. அப்புறம் கட்டைவிரல் மட்டும், உண்டா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு, ஒரு தடவை அசைந்தது.

அவர் வாய்விட்டு அழுதார். வாயைப் பொத்திக்கொள்ளக்கூடக் கை வரவில்லை, கையிலெல்லாம் ஒயர். அவள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். அழுகை ஓய்ந்ததும், தலையைத் தாங்கியிருந்தவளை அண்ணாந்து பார்த்தார்.

"கால் போயிருந்தா நான் உன்கூட ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டே?"

"பேசாம இருந்தாலும் வீட்டுல இருப்பீங்கல்ல மாமா?"

நர்ஸ் போர்வையை இழுத்து மூட வந்தாள். வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன் என்றார் அவர்.